"பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு"

"பழசெல்லாம் நல்லா ஞாபகம் வச்சிருக்காக டாக்டர். இப்ப நடக்குறதுதான் நிக்க மாட்டேங்குது." வயதானவர்களை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ நரம்பு டாக்டரிடமோ கூட்டிவரும் குடும்பங்கள் பேச்சை இப்படித்தான் தொடங்கும். முதல் பாதியைச் சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருக்கும். அப்பத்தா காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்டால் விழிப்பார். மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வீட்டார் எத்தனை தாம்பாளத்தோடு வந்தார்கள், எது குறைந்தது, அதை யார் குத்திக்காட்டினார்கள் என்று கேளுங்கள். நேற்று நடந்தது போலச் சொல்வார். இவ்வளவும் நினைவிருக்கிற மனுஷிக்கா மறதி நோய் என்று வீடு தன்னைத் தேற்றிக்கொள்கிறது. அப்படித் தேற்றிக்கொண்டே இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடுகிறது.

வீட்டார் கண்டது பொய்யில்லை. உணர்ச்சி தொட்ட நினைவு மற்ற நினைவைவிட ஆழமாகப் பதிகிறது என்பதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் பழைய நினைவு பத்திரமாக இருப்பதால் மூளையும் பத்திரமாக இருக்கிறது என்று முடிவுக்கு வருகிறோமே, அங்கேதான் தவறுகிறோம்.

வயதுக்குரிய சாதாரண மறதிக்கும் மறதி நோய்க்கும் நடுவே ஓர் இடைநிலை இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் எம்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தமிழில் லேசான அறிவாற்றல் குறைபாடு எனலாம். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்டு பீட்டர்சனும் அவருடைய குழுவினரும் 1999-இல் இதற்கு வகுத்த அடையாளங்கள் எளியவை: மறதி இருப்பதாக அவரோ வீட்டாரோ சொல்ல வேண்டும், அவர் வயதொத்தவர்களைவிட நினைவுச் சோதனையில் மதிப்பெண் குறைந்திருக்க வேண்டும், ஆனால் அன்றாடக் காரியங்கள் தடையில்லாமல் நடக்க வேண்டும். மருத்துவமனைக்கு இந்த நிலையில் வருகிறவர்களில் ஆண்டுக்கு 10 முதல் 15 விழுக்காட்டினர் மறதி நோய்க்குள் நுழைகிறார்கள் என்பது அந்தக் குழுவின் கணக்கு. ஊருக்குள் போய் எடுத்த கணக்குகளில் இது இன்னும் குறைவு. பழைய நிலைக்குத் திரும்புகிறவர்களும் உண்டு என்பதால், எம்.சி.ஐ. என்று கேட்டவுடன் எல்லாம் முடிந்தது என்று அழ வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பரவலானது என்பதற்கு நம்மிடம் நல்ல ஆய்வே இருக்கிறது. 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு சென்னை நகரத்திலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் 65 வயதைக் கடந்தவர்களைப் பார்த்தது. உலகின் மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏழை நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்ற ஆதங்கத்தையே அந்தக் குழு தன் பெயராக வைத்துக்கொண்டது. 2012-இல் வெளியான அதன் கட்டுரையில், நினைவு சார்ந்த எம்.சி.ஐ. சீனாவில் 0.8 விழுக்காடு, இந்தியாவில் 4.3 விழுக்காடு. ஆய்ந்த நாடுகளில் இந்தியாவின் எண்ணே பெரிது. அதே குழு 2008-இல் லான்செட் இதழில் வெளியிட்ட இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கண்டிப்பான வரையறைப்படி பார்த்தால், இந்தியக் கிராமப்புறத்தில் மறதி நோய் வெறும் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர். குழு தானே உருவாக்கிய, கல்வியையும் பண்பாட்டையும் கணக்கில் கொண்ட அளவுகோலிலோ எந்த நாட்டிலும் 5.6 விழுக்காட்டுக்குக் கீழே எண் போகவில்லை.

இந்த இடைவெளி எப்படி வந்தது? கண்டிப்பான வரையறை "அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறதா" என்று வீட்டாரைக் கேட்கிறது. மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ரேஷனுக்கு மகன் போகிறான், பாங்கு வேலையைப் பேரன் பார்க்கிறான், மாத்திரையை மருமகள் எடுத்துத் தருகிறாள். பெரியவருக்கு வேலை என்று எதையும் விட்டுவைக்காத வீட்டில், அவரால் அதைச் செய்ய முடியவில்லை என்று யாருக்குத் தெரியும்? ஐம்பது வருஷமாக வைத்த குழம்பைக் கை தானாக வைத்துவிடும். தவறுவது கண்டால் "வயசாகிருச்சுல்ல" என்று போய்விடுவார்கள். அன்பாலேயே நோய் மறைந்துபோகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தனியாக வாழும் முதியவருக்கு இல்லாத ஒரு தாங்கல் இது. ஆனால் அந்தத் தாங்கலும், "பழசெல்லாம் ஞாபகம் இருக்கே" என்ற ஆறுதலும் சேர்ந்து திரை போட்டுவிடுகின்றன.

உணர்ச்சி எப்படி நினைவைப் பதிக்கிறது என்று பார்ப்போம். நெற்றிப்பொட்டுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும், பாதாம் பருப்பு அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது, பெயர் அமிக்டலா. அதன் பின்னால் ஒட்டியபடி, கடற்குதிரை போல வளைந்து கிடப்பது ஹிப்போகேம்பஸ். நடந்தது எங்கே, எப்போது, யாரோடு என்று கோத்து வைப்பது கடற்குதிரையின் வேலை. இது முக்கியம், இதை விடாதே என்று அதைத் தட்டி எழுப்புவது பாதாமின் வேலை. அச்சமோ துக்கமோ மகிழ்ச்சியோ பொங்கும்போது உடலில் அட்ரினலின் ஊறுகிறது, மூளைத்தண்டிலிருந்து நார்அட்ரினலின் சுரக்கிறது, அமிக்டலா விழிக்கிறது.

1994-இல் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா ஆகியோர் கலிபோர்னியாவில் செய்த சோதனை இதற்கு நல்ல சான்று. ஒரு தாயும் மகனும் நடந்து போகும் கதையைப் படங்களாகக் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்கு அது சப்பென்ற கதை. இன்னொரு பிரிவினர் கேட்ட கதையின் நடுவில் பையன் காரில் அடிபடுகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது விபத்துக் கதை கேட்டவர்களுக்கு நடுப்பகுதி தெளிவாக நினைவிருந்தது. ஆனால் படம் பார்க்குமுன் ப்ரோப்ரனலால் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் தெளிவு இல்லை. அட்ரினலின் வகை ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கிற மாத்திரை அது. சப்பென்ற கதையை நினைவில் வைப்பதில் மாத்திரை எந்த மாற்றமும் செய்யவில்லை. (பிரஷருக்கு இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இது ஒரு வேளை மாத்திரையை வைத்துச் செய்த சோதனை, அவ்வளவுதான்.)

மறதி நோய் வந்த மூளையில் இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா? இதற்கான விடையை இயற்கையே ஒரு கொடுமையான சோதனையாக நடத்திக் காட்டியது. 1995 ஜனவரி 17 அதிகாலையில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் வீட்டில் இருந்த 51 அல்சைமர் நோயாளிகளை மருத்துவர்கள் பிறகு விசாரித்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் நிலநடுக்கத்துக்குப் பின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். நிலநடுக்கத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் 86 விழுக்காடு. ஸ்கேன் எடுத்ததை நினைவில் வைத்திருந்தவர்கள் 31 விழுக்காடு. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் கிடப்பதும் சாதாரண அனுபவம் இல்லை, பின்னால் நடந்ததும் அதுதான். ஆனாலும் அது கரைந்துபோனது. பிறகு 1999-இல் வந்த கட்டுரை இன்னொன்றையும் சொன்னது: அமிக்டலா எவருக்கு அதிகம் சுருங்கியிருந்ததோ அவருக்கு நிலநடுக்க நினைவும் அதற்கேற்பக் குறைந்திருந்தது.

நம் பக்கத்தில் இதற்கு இணையாக எதைச் சொல்லலாம்? 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. 1987 டிசம்பர் 24 விடியலில் எம்.ஜி.ஆர். இறந்த சேதி வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி. மூன்றும் மார்கழி. எழுபதைத் தாண்டிய எவரிடமும் எம்.ஜி.ஆர். இறந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் கதை வரும்: பஸ் நின்ற இடம், கடை அடைத்த வேகம், அடுப்பு மூட்டாத வீடு.

ஆனால் இந்தக் கதையையும் கோபே கதையையும் ஒன்றாகக் கருதக் கூடாது. எம்.ஜி.ஆர். இறந்தபோது இன்றைய 75 வயதுக்காரர் முப்பதுகளில் இருந்தார். மூளை நல்ல நிலையில் இருந்தபோது பதிந்து, ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி உரமேறிய நினைவு அது. அது இன்னும் இருக்கிறது என்பதால் இன்று பதியும் ஆற்றல் இருக்கிறது என்று ஆகாது. கோபே நோயாளிகளோ நோய் வந்த பிறகு நடந்ததைப் பதித்தவர்கள். அப்பத்தா சொல்லும் காதுகுத்துக் கதை முதல் வகை. வீட்டார் அதைக் கேட்டுவிட்டு இரண்டாவது வகைக்கும் நற்சான்று கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. போன மாதம் நடந்த பேத்தியின் கல்யாணம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். பந்தியில் என்ன போட்டார்கள் என்பது மறந்தால் பரவாயில்லை. கல்யாணமே நடந்ததாக நினைவில்லை என்றால், உணர்ச்சியாலும் ஒட்டவைக்க முடியாத அளவுக்குப் பதிவு தேய்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எம்.சி.ஐ. உள்ளவர்களிடம் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகள் கோபே போல ஒரே பக்கம் சாயவில்லை. சிரிக்கும் குழந்தை, சீறும் பாம்பு, விபத்து, வெறும் நாற்காலி என்று படங்களைக் கலந்து காட்டி, பிறகு எவை நினைவிருக்கின்றன என்று கேட்பார்கள். சில ஆய்வுகளில் உணர்ச்சிப் படங்கள் இவர்களுக்கும் கூடுதலாக நின்றன. சிலவற்றில் அந்த லாபம் காணாமல் போயிருந்தது. இந்த முரணுக்குக் காரணங்கள் இருக்கின்றன. அல்சைமரின் ஆரம்பத்திலேயே கடற்குதிரையோடு பாதாமும் சுருங்கத் தொடங்குகிறது. நார்அட்ரினலினை அனுப்பும் மூளைத்தண்டு முடிச்சு, நோயின் கறை முதன்முதலில் படியும் இடங்களில் ஒன்று. ஆகவே யாருக்கு எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. நினைவில் இரண்டு வகை உண்டு: நடந்ததை இடம், நேரத்தோடு மீட்டுச் சொல்வது ஒன்று, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று உணர்வது இன்னொன்று. எம்.சி.ஐ.யில் முதலாவது முந்திக் கெடுகிறது. உணர்ச்சி இரண்டாவதைத் தூண்டிவிடுகிறது. அதனால் காட்டாத பாம்புப் படத்தைக் காட்டினாலும் "ஆமா, பாத்தேன்" என்று சொல்லிவிட வாய்ப்புக் கூடுகிறது. மனதைத் தைக்கிற எதுவும் தெரிந்தது போலத் தோன்றும்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை மொய் நோட்டை வைத்துச் சொன்னால் விளங்கும். விசேஷ வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து ஊர்ப் பெயரை முதலிலும் ஆள் பெயரைப் பிறகும் எழுதி, தொகையைப் பதிந்து, நோட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறோம். எதற்கு? யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை மனசு சரியாக வைத்திருக்காது என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. மனசு வைத்திருப்பது, அவர் குறைத்துச் செய்தார், இவர் நிறைத்துச் செய்தார் என்ற நிறைவையும் வருத்தத்தையும்தான். தொகை நோட்டில் இருக்கும். மனத்தாங்கல் ஆளிடம் இருக்கும். எம்.சி.ஐ. உள்ளவரிடம் நோட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. மனத்தாங்கல் மட்டும் நிற்கிறது, சில வேளை ஆள் மாறி நிற்கிறது.

நல்ல மூளைக்கே இந்தக் குழப்பம் உண்டு. 1986 ஜனவரி 28-இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நெய்சர் தம் மாணவர்களிடம் சேதி கேட்ட விதத்தை எழுதி வாங்கினார். இரண்டரை வருஷம் கழித்து மறுபடி கேட்டபோது பலர் முற்றிலும் வேறு கதை சொன்னார்கள், அதுவும் முழு உறுதியோடு. அவரவர் கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. உணர்ச்சி தருவது உறுதியை. அந்த உறுதிக்குள் இருக்கும் விவரம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருபது வயது மாணவர் கதியே இது என்றால், சுருக்குப்பையை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு "நான் பெத்த மக்க சம்பாரிச்ச காச, வந்தவ எடுத்துக்கிட்டா" என்று மருமகளைப் பழிக்கும் எழுபது வயதுக்காரியைப் பொய் சொல்கிறாள் என்று எப்படிச் சொல்வது? காசு காணோம் என்ற பதைப்பு உண்மை. ஒளித்துவைத்த நிமிஷம் பதியவில்லை. நடுவிலுள்ள பள்ளத்தை மனசு தன் பழைய சந்தேகத்தைக் கொண்டு நிரப்பிவிட்டது. இந்தப் பழிச்சொல்லைத் தாங்கும் மருமகளுக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. விவரம் முழுதும் போன பிறகும் உணர்ச்சி மட்டும் தங்குகிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் 2010-இல் ஹிப்போகேம்பஸ் சிதைந்த ஐந்து பேருக்குச் சோகக் காட்சிகளையும் சிரிப்புக் காட்சிகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் படம் பார்த்ததே அவர்களுக்கு மங்கிவிட்டது, சோகம் போகவில்லை. 2014-இல் அதே குழு 17 அல்சைமர் நோயாளிகளிடம் செய்தபோதும் அதே முடிவு. படத்தை எவர் குறைவாக நினைவில் வைத்திருந்தாரோ அவரிடம் துக்கம் அதிக நேரம் நீடித்தது. காரணம் தெரிந்தால் துக்கத்தை ஆற்றிக்கொள்ளலாம். காரணம் தெரியாத துக்கத்தை எதைச் சொல்லி ஆற்றுவது?

இது எம்.சி.ஐ.யைத் தாண்டியவர்களிடம் கண்டது என்பதை மறக்கவில்லை. ஆனால் பாதை ஒன்றுதான். "தம்பி எப்ப வருவான்" என்று ஒரு காலைக்குள் ஆறாவது முறை கேட்கிற தாயிடம் "அதான் பத்துவாட்டி சொல்லிட்டேன்ல, காது கேக்கலையா" என்று கத்தினால், தம்பி வரும் நேரம் மறந்துபோகும், கத்தல் தங்கும். மத்தியானம் சோறு வேண்டாம் என்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கத்தியவளும் கெட்டவள் இல்லை. விடியலில் எழுந்து, சமைத்து, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஆறாவது முறை பதில் சொல்கிறவள். நம் வீடுகளில் இந்தச் சுமையைப் பெரும்பாலும் ஒரு பெண்ணே சுமக்கிறாள். அவளுக்கு வாரத்தில் ஒரு பொழுது ஓய்வு கிடைத்தால், அதுவும் நோயாளிக்குச் செய்யும் வைத்தியமே.

மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய பக்கமும் உண்டு. எம்.சி.ஐ. உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருக்கின்றன என்று 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மனச்சோர்வே மறதி போல வேஷம் போடும்; மறதி வருவது தெரிந்தும் மனம் சோரும். பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட ஊர்களில், பேச்சுத் துணையற்ற மனிதருக்கு என்ன பதியும்? புதிதாகப் பதிய அங்கே ஒன்றும் நடப்பதில்லையே. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, காது மந்தம், கண்புரை என்று சரிசெய்யக் கூடியவையும் இதில் கலந்து கிடக்கும். கேட்காத பேச்சும் காணாத முகமும் நினைவாக முடியாது. லான்செட் ஆணையம் 2024-இல் மறதி நோயின் தடுக்கக்கூடிய காரணங்களில் பார்வைக் குறைவையும் சேர்த்தது. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது முதல் மதுரைக்காரர்களுக்குப் புரை அறுவை பக்கத்துத் தெரு வேலை போல ஆகிவிட்டது. அதன் பலன் கண்ணோடு நிற்பதில்லை.

நினைவைச் சோதிக்கும் முறையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. மருத்துவமனையில் கேட்பவை ஒட்டுறவில்லாத ஐந்து சொற்கள், இன்றைய தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல். அளவெடுக்க அவை தேவைதான். ஆனால் பள்ளிக்கூடம் போகாதவருக்கு ஆங்கிலத் தேதி ஒரு பொருட்டே இல்லை. ஹரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலியின் குழு எழுத்தறியா முதியோருக்காக இந்திச் சோதனையை 1990-களில் திருத்தி அமைத்தது இதனால்தான். மதுரைக்காரருக்கு மாதம் காலண்டரில் இல்லை, காலில் இருக்கிறது. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி மாதங்களாகவே வீதி அமைத்த ஊர் இது. அழகர் ஆற்றில் இறங்கி எத்தனை நாளாயிற்று, போன தடவை யாரோடு போனீர்கள் என்று கேட்டால் காலமும் இடமும் ஆளும் உணர்வும் ஒரே கேள்வியில் வந்துவிடும். மதிப்பெண் போடும் சோதனைக்கு இது மாற்றாகாது, பக்கத்தில் வைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வாசலுக்கு வரும் பணியாளர் இப்படி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனால், திரைக்குப் பின்னால் இருக்கும் பலர் கண்ணுக்குத் தெரிவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சித்திரைத் திருவிழாவுக்கு அவரைக் கூட்டிப்போவதா என்று வீடுகளில் தயக்கம் வரும். "போனாலும் ஞாபகம் இருக்கவா போகுது?" கூட்டத்துக்குள் வேண்டாம்தான். தல்லாகுளத்தில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை கிடைத்தால் போதும், எதிர்சேவையை அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். வீடு திரும்பியதும் எங்கே போனோம் என்று கேட்டால் அவர் தடுமாறலாம். யார் கூட்டிப்போனது என்று கேட்டால் செத்துப்போன அண்ணன் பெயரைச் சொல்லலாம். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று மட்டும் சொல்லமாட்டார்.